ஒன்பதாவது லிட்டர்

ஒரு லிட்டர், ஒரு கிலோ.
இதைவிட நேர்மையான கணக்கு
உலகத்தில் இல்லை என்பான் ஃபௌஸ்டோ,
சமையல் தராசில் என் பாட்டில்களை நிறுத்துப் பார்த்தபடி.

சட்டத்தில் இரண்டு.
முன்கவட்டில் பக்கத்துக்கு ஒன்றாகச் சோடா பாட்டில்கள்,
பழைய டியூபைக் கிழித்துக் கட்டியவை.
பின்னால் கேரியரில் நான்கு லிட்டர் பை,
ஒவ்வொரு குழியிலும் கொழுத்த மீன்போல் புரள்வது.
ஆக எட்டு.
"குடிக்கக் குடிக்கச் சுமை குறையும்" என்றான்.
வண்டியில் குறைந்தது என்னவோ உண்மைதான்.
என் வயிற்றில் ஏறியதை அவன் நிறுக்கவில்லை.

கௌசேத்தே தாண்டினால் சாலை
துணிக்கடையில் அளந்து கிழித்ததுபோல் நேர்.
இருபுறமும் முள், மண், மறுபடி முள்.
மேற்கு மலையிலிருந்து சோண்டா இறங்குகிறது,
ரொட்டி அடுப்பைத் திறந்த எவனோ
மூட மறந்துபோன காற்று.
பதினோரு மணிக்கே பாட்டில் தண்ணீரில்
மாத்தே இலை போட்டால் சாயம் இறங்கும்.
அளந்துதான் குடித்தேன்:
பத்து கிலோமீட்டருக்கு நான்கு மடக்கு.
நாக்கு ஐந்து கேட்டது.

பை எங்கே கிழிந்ததென்று தெரியாது.
முள்ளோ, கேரியர் கம்பியோ.
முதலில் வண்டி இலேசாக ஓடியது.
கால் பழகிவிட்டதென்று பெருமைப்பட்டேன்,
வெட்கத்தோடு சொல்கிறேன், பாடக்கூடச் செய்தேன்.
திரும்பிப் பார்த்தால்
தாரின்மேல் எனக்குப் பின்னால் ஒரு நூல் ஈரம்,
அதன் தூரத்து முனை அதற்குள் காய்ந்திருந்தது.

பை இருக்கிறதே என்று
மற்றதையெல்லாம் முதலில் குடித்து முடித்தவள் நான்.
மிச்சம் அரை பாட்டில்.
மராயேஸுக்கு இன்னும் நாற்பத்திரண்டு.
அரை பாட்டிலும் போனபின் வியர்வை நின்றது.
அது நல்ல செய்தி இல்லை.

சாலையோரம் செங்கல் கூடு, முழங்கால் உயரம்,
சுற்றிலும் பாட்டில்கள், நூறோ இருநூறோ.
அவள் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.
போருக்கு இழுத்துப் போன கணவனைத் தேடி
கைக்குழந்தையோடு நடந்தாள்,
தாகத்தில் விழுந்தாள்.
கோவேறு கழுதைக்காரர்கள் கண்டபோது
செத்த மார்பில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்ததாம்.
அன்றிலிருந்து வழிப்போக்கர் அவளுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்.
நான் நம்புகிறவள் இல்லை.
பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவள்,
எது நின்றாலும் எனக்குக் காரணம் வேண்டும்.

பாசி பிடித்தவை, வெயிலில் முறுகி வெடித்தவை,
ஓரத்தில் ஒன்றே ஒன்று தெளிவாக.
எடுத்தேன்.
மூடி அசையவில்லை.
விரல்கள் வேறு யாருடையவையோ.
பல்லால் கடித்தேன்.

அப்போது லாரி வந்து நின்றது.
கதவில் பெயர் எழுதியிருந்தது: எர்மோஹெனெஸ் குவாகின்சாய்.
பெயருக்குரியவர் இறங்கினார்,
என்னையும் என் பல்லிடுக்கில் இருந்ததையும் பார்த்தார்.
"முதலில் அவளுக்கு."
கொண்டுவந்த புது பாட்டிலைக் கூட்டின் முன் வைத்தார்,
சிலுவை போட்டார்,
பிறகு முதுகு காட்டி
லாரியின் பத்து டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.
எனக்குத் தெரியும்,
எந்த டயரும் அவ்வளவு நேரம் கேட்காது.

சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்.
மராயேஸ்வரை கால்பந்து பேசினோம்.

அடுத்த வசந்தம்.
தராசில் ஒன்பது.
"இது எந்தக் கணக்கில்?" என்றான் ஃபௌஸ்டோ.
"சுமை" என்றேன்.
எண்பது கிலோமீட்டர்
இடப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்தது அந்த ஒரு கிலோ.
மற்றவை குறைந்தன, அது குறையவில்லை.
கூட்டை அடைந்தபோது
என் பாட்டில்களில் பாதி காலி,
அதே அடுப்புக் காற்று,
ஒன்பதாவதை ஒருமுறை பார்த்தது நாக்கு.

உட்கார்ந்தேன்.
மூடியைத் திருகி முத்திரையை உடைத்து
இரண்டு விரலால் மெல்ல மூடி வைத்தேன்,
நடுங்கும் கைக்கும் திறக்கிற மாதிரி.
கொஞ்சம் ஆவியாகும்.
ஆகட்டும்.